ஐந்நூற்று ஐம்பத்தைந்தாம் எண் சாயம்

படத்தைப் பார்த்ததும் சுமாலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலேயே குலுங்கினாள்.

"என்ன தங்கச்சி, நுண்ணோக்கியில காமெடிப் படமா ஓடுது?" என்றார் பூன்மி.

நுண்ணோக்கி அறைக்கு அவர்தான் பொறுப்பு. காலையில் வந்ததும் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் சிவப்பு சோடாவைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு வைத்து, ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் பொத்தானையே தொடுவார். எந்த நாட்டில் செய்த இயந்திரமானால் என்ன, பாங்காக்கில் குடியிருக்கும் வரைக்கும் பாங்காக் பழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் கட்சி.

"வந்து பாருங்கண்ணே. வேலியே இல்ல."

பூன்மி எட்டிப் பார்த்தார். திரையில் கறுப்பு வெள்ளையில் சிறுநீரகச் செல்கள். ஹார்மோன் கொடுக்காத தட்டில், செல்லுக்குச் செல் ஆக்டின் என்னும் புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாக விறைப்பாக ஓடின. ஹார்மோன் கொடுத்த தட்டில் அந்த இழைகள் அறுந்து, கரைந்து, ஓரத்தில் மட்டும் ஏதோ பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஐயய்யோ" என்றார் பூன்மி. அவர் சிரிக்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

வேலி என்பது ஆசான் பைபூன் வைத்த பெயர். சிறுநீரகத் துறைக்குத் தலைவர் அவர்தான். விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்றொரு ஹார்மோன் கிளம்பிச் சிறுநீரகத்துக்கு வந்து, 'தண்ணீரை வெளியே விடாதே, திருப்பி எடு' என்று சொல்லும். செல்லுக்குள் நீர்க்கதவுகள் சின்னச் சின்னப் பைகளில் தயாராகக் கிடக்கும். அவை செல்லின் சுவருக்குப் போய்ப் பொருந்தினால்தான் தண்ணீர் திரும்பும். நடுவில் வழிமறித்துக்கொண்டு நிற்பது ஆக்டின் இழை. ஹார்மோன் வந்து சொன்னதும் இழைகள் தளர்ந்து வழிவிடுகின்றன என்று உலகத்தில் இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆசான் பைபூன் மட்டும், அதெல்லாம் இல்லை, ஹார்மோன் வந்தால் இழைகள் தடித்து வேலியாக எழும்புகின்றன, அந்த வேலிதான் கதவுகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவருக்குப் போகிறது என்றார்.

வெளிநாட்டுக்காரர்கள் இதை மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் படித்திருக்க வேண்டும். உள்ளூரில் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் எல்லாரும் அவரிடமே படித்தவர்கள். ஆகவே வேலிக் கொள்கை தேர்வில் கேள்வியாயிற்று, பிறகு பதக்கமாயிற்று, பிறகு ஆசானுக்கு ஜன்னலோர அறையாயிற்று. தன் பட்டத்துக்காக அவரிடமே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சுமாலியும் அதே வேலியைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான்.

இப்போது வேலியைக் காணோம். கோன்கேனில் இருக்கும் தோழிக்கு இதைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கைபேசியை எடுத்தாள். படத்தை ஒட்டினாள். கீழே தட்டினாள்: 'ஆசானோட வேலி போச்சு 555.'

தாய்லாந்துப் பேச்சில் ஐந்துக்கு 'ஹா' என்று பெயர். மூன்று ஐந்தைச் சேர்த்து எழுதினால் ஹா ஹா ஹா. கைபேசி வைத்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

அனுப்பினாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த கணமே ஏதோ உறுத்தியது. திருப்பிப் பார்த்தாள். செய்தி தோழிக்குப் போகவில்லை. துறையின் 'லைன்' செயலிக் குழுவுக்குப் போயிருந்தது. அந்தக் குழுவில் எல்லாரும் இருந்தார்கள். ஆசானும் இருந்தார்.

சுமாலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அண்ணே" என்று கைபேசியை நீட்டினாள்.

பூன்மி படித்தார். "அழிச்சுடு, அழிச்சுடு!"

"அழிச்சா 'சுமாலி செய்தியை அழித்தார்'னு எல்லாருக்கும் போகும் அண்ணே. அது இதைவிட அசிங்கம்."

படித்தவர்களின் எண்ணிக்கை அவர்கள் கண்ணெதிரிலேயே ஏறிக்கொண்டிருந்தது. பதில் மட்டும் ஒருவரிடமிருந்தும் வரவில்லை. பூன்மி சிவப்பு சோடாவை இன்னும் கொஞ்சம் இயந்திரத்தின் பக்கமாக நகர்த்திவைத்தார்.

அப்புறம் ஆசானின் பதில் வந்தது. அவர் எப்போதும் முழு வாக்கியத்தில் எழுதுவார்.

'555 சாயத்தையா பயன்படுத்தினாய்? அது ஆக்டின் இழைகளைக் கெடுக்கிறது என்று எனக்கு நெடுநாளாகவே சந்தேகம். 488 சாயத்தில் மறுபடி செய்.'

ஆக்டினுக்குப் போடும் சாயங்களுக்கு எண்தான் பெயர். 488 என்றால் பச்சை, 555 என்றால் ஆரஞ்சு. படத்தைக் கறுப்பு வெள்ளையில் அனுப்பும்போது எந்தச் சாயம் என்று கடைசியில் எண்ணைக் குறிப்பிடுவது ஆய்வுக்கூட வழக்கம். அந்தப் படத்துக்கு சுமாலி போட்டது 488. ஆனால் அதை அவள் எழுதவில்லை. சிரிப்பைத்தான் எழுதியிருந்தாள்.

குழுவுக்கு உயிர் வந்தது. "ஆமாம் ஆசான், 555 எப்பவுமே தொல்லை" என்று முதலில் எழுதியவர் வொரவுத். துணைப் பேராசிரியர். சாயக் குப்பியைக் கையால் தொட்டே பல காலம் ஆனவர், ஆசானின் ஜன்னலோர அறைமேல் மட்டும் ஒரு கண் வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் வரிசை கட்டி ஒத்து ஊதினார்கள். ஒருவர் கும்பிடும் கரடிப் பொம்மைப் படம் போட்டார். அது சிரிப்பு என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

"பொழச்சோம்" என்று பூன்மி உட்கார்ந்தார். "சாமி கண்ணைத் திறந்துச்சு. இனிமே இதப் பத்தி மூச்சு விடாத."

மறுநாள் ஆசான் கூப்பிட்டனுப்பினார். மெலிந்த மனிதர். குரல் உயர்த்த மாட்டார். ஒரு மங்குஸ்தான் பழத்தைத் தானே பிளந்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீ பயந்துட்ட, இல்லையா? வேலிக் கொள்கையே போச்சோன்னு."

"ஆமாம் ஆசான்."

"சாயத்தோட வேலை அது. 555 சாயம்தானே போட்ட?"

இந்த இடத்தில்தான் அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று தன் வாயைத் தானே தைத்துக்கொள்வதற்கு இங்கே கிரெங்ஜாய் என்று பெயர். அதை நற்குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். சுமாலி நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"ஆமாம் ஆசான்" என்றாள். பழத்தையும் தின்றாள்.

ஏற்கெனவே 488-இல் செய்ததை மறுபடியும் 488-இல் செய்தாள். வேலி மறுபடியும் போயிற்று. ஆசான் அசரவில்லை. ஆய்வுக்கூடத்துக் குழாய்களிலெல்லாம் 555-இன் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் காரணம் என்றார். அந்தச் சாயத்தையே ஒழித்துக்கட்ட உத்தரவு போட்டார். வொரவுத் கையுறை மாட்டிக்கொண்டு குளிர்பெட்டியில் தேடி, அந்தக் குப்பியை எடுத்து, ஆய்வுக்கூடக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார். குப்பியின் மூடியில் முத்திரை அப்படியே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் திறக்கவே இல்லை. வொரவுத் அதைப் பார்த்தார். சுமாலி பார்ப்பதையும் பார்த்தார். பையை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

உண்மைக் காரணம் என்னவென்று சுமாலிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அவள் ஒன்றும் மேதாவித்தனமாகக் கண்டுபிடிக்கவில்லை. வரவேண்டிய சீரம் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். கன்றுக்குட்டி இரத்தத்திலிருந்து எடுக்கும் அந்தச் சீரத்தைக் கலந்த நீரில்தான் செல்களை வளர்ப்பார்கள். சோதனைக்கு முன்னால் சீரத்தை நிறுத்திச் செல்களைப் பட்டினி போடுவார்கள். பிறகு ஹார்மோனைப் புதுச் சீர நீரில் கலந்து ஒரு தட்டுக்குக் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மற்றத் தட்டை 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று தொடவே மாட்டார்கள். இது ஆசான் வகுத்த முறை. துறையில் எல்லாரும் அப்படித்தான் பழகியிருந்தார்கள். சீரம் இல்லாத அந்த வாரம் சுமாலி ஹார்மோனை வெறும் நீரில் கலந்து கொடுத்தாள். மற்றத் தட்டுக்கும் அதே வெறும் நீர். வேலி கரைந்தது. சீரம் வந்து சேர்ந்த பிறகு, ஹார்மோனே இல்லாமல் சீரத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தாள். இழைகள் கயிறு கயிறாகத் தடித்து எழுந்தன.

இத்தனை வருஷமாக வேலி கட்டியது ஹார்மோன் இல்லை. கன்றுக்குட்டி.

"அண்ணே, இதப் போய் அவர்கிட்டச் சொல்லணும்" என்றாள் பூன்மியிடம்.

"சொல்லு. 'ஆசான், 555 சாயம் இல்ல, அது நான் உங்களப் பார்த்துச் சிரிச்சது'ன்னு ஆரம்பிக்கணும். எங்க, இப்ப எங்கிட்டச் சொல்லிக் காட்டு பார்ப்போம்."

சுமாலி வாயைத் திறந்தாள். பூன்மியின் முகத்தைப் பார்த்தே அவளால் சொல்ல முடியவில்லை.

"அதான் சொல்றேன். பேசாம பட்டத்த வாங்கிட்டு ஊர் போய்ச் சேரு."

ஆனால் ஆசான் பேசாமல் இருக்கவில்லை. அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துக்குத் தானே தலைப்பு வைத்தார்: '555 சாயத்தால் ஆக்டின் இழைகளுக்கு நேரும் சேதம்.' எழுது என்றார். எழுதினாள். ஒவ்வொரு வரியையும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தன் கண்ணால் பார்த்த ஒரே ஒரு உண்மையைத் தன் பெயரிலேயே பொய்யாக்கிக் கொடுக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆசான்மேல் பாதி, தன்மேல் பாதி. இந்த ஏடு தேறினால், சிரிப்புச் சத்தத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். வேறொருவர் என்றைக்காவது சரியாகச் செய்து பார்த்தால், உலகத்துக்கு அவள் பொய்க்காரி.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. தேர்வுக்கு நிற்பவர்தான் தேர்வாளர்களுக்குத் தின்பண்டம் வாங்கி வைக்க வேண்டும். சுமாலி தேங்காய்ப்பால் பணியாரமும் காப்பியும் அடுக்கிவைத்திருந்தாள். துறை முழுக்க வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தது. வெளித் தேர்வாளராகச் சியாங்மாயிலிருந்து ஆசான் ராச்சனி வந்திருந்தார். பெண்ணானாலும் இங்கே ஆசான்தான். பைபூனோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதால், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஜீவன்.

ராச்சனி பணியாரத்தை மென்றுகொண்டே மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார்.

"ஏம்மா, இந்த 555 சாயத்த எவ்வளவு போட்ட?"

"வழக்கமான அளவுதான்" என்றார் பைபூன்.

"நான் பொண்ணக் கேட்டேன் பைபூன்."

சுமாலி பின்பக்கம் பார்த்தாள். பின்வரிசையில் பூன்மி கண்ணை மூடிக்கொண்டது தெரிந்தது. வழக்கமான அளவு என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், இன்று மாலை அவள் டாக்டர். அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அதற்கு மேல் வரவில்லை.

"போடல ஆசான்."

"என்ன போடல?"

"555 போடவே இல்ல. ஆரம்பத்துலேர்ந்து எல்லாமே 488தான்."

"அப்ப இந்த அத்தியாயம் எதப் பத்தி? 555ன்னு நீயே குழுவுல எழுதினதா இங்க போட்டிருக்கே."

"எழுதினேன்." சுமாலி இரண்டு கைகளையும் நெற்றிவரை கூப்பினாள். "அது சாயம் இல்ல ஆசான். நான் சிரிச்சது."

"யாரப் பார்த்து?"

"ஆசான் பைபூனப் பார்த்து." கூப்பிய கையை இறக்காமலே சொன்னாள். இப்படிப்பட்ட ஒன்றைக் கை கூப்பாமல் சொல்ல அவளுக்குத் தெரியாது.

பின்வரிசையில் யாருக்கோ சிரிப்பு பீறிட்டு, பாதியிலேயே இருமலாக மாறியது. வொரவுத் தன் காலணியை ஆராய ஆரம்பித்தார்.

ராச்சனி மட்டும் அசையவில்லை. "சிரிப்பு கெடக்கட்டும். அப்ப வேலி எப்படிப் போச்சு?"

சுமாலி சொன்னாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பட்டினி போட்டது, சீரம் வராதது, வெறும் நீர், கன்றுக்குட்டி எல்லாம் சொன்னாள். ஏட்டில் சேர்க்காத படங்களைத் திரையில் போட்டாள். அவள் குரல் நடுங்கியது, படங்கள் நடுங்கவில்லை.

ராச்சனி மெதுவாகத் திரும்பினார். "பைபூன், நீ ஹார்மோன் தட்டுக்கு மட்டும் சீரம் போட்டியா?"

"ரொம்ப நாளாச்சு" என்றார் பைபூன் புன்னகையோடு. "ஞாபகம் இல்ல."

அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த முறையைக் கற்றுக்கொடுத்தவர் அவர். போன வாரம்கூடக் கற்றுக்கொடுத்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவளை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் நின்றாள். கதவு திறந்து பைபூன் மட்டும் வந்தார்.

"தேறிட்ட. அந்த அத்தியாயத்த மாத்தி எழுதணுமாம். ராச்சனி சொல்றா."

"ஆசான், நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்களுக்கு 555னா என்னன்னு தெரியாதுன்னு..."

"என் பேரன் தினமும் அனுப்பறான். எனக்கா தெரியாது?"

சுமாலி நிமிர்ந்து பார்த்தாள்.

"குழுவுல எல்லாரும் பார்த்துட்டாங்க. நான் பார்த்ததையும் பார்த்துட்டாங்க. உன்னை அன்னைக்கே துறையைவிட்டு அனுப்பியிருக்கலாம், கேக்க ஆளில்ல. சாயம்னு எழுதினேன். உன் மானமும் தப்பிச்சுது, என் மானமும் தப்பிச்சுது. ரெண்டையும் இன்னைக்கு நீ நடுவீதியில கொண்டுவந்து போட்டுட்ட." குரல் உயரவே இல்லை. "கெட்டிக்காரிதான்."

போய்விட்டார். சுமாலிக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொன்னதற்கு ஏன் வெட்கப்படுகிறோம் என்று கோபம் வந்தது. கோபம் வந்ததும் வெட்கம் போகவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு துறையில் அவளோடு பேச்சு குறைந்தது. அவள் சொன்னது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. சீர நீரில் ஹார்மோன் கலப்பதைச் சத்தமில்லாமல் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவள் மின்தூக்கியில் ஏறினால் மற்றவர்களுக்குப் படிக்கட்டு பிடித்துப்போயிற்று. பூன்மிகூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தங்கச்சி என்றார். ஆசான் அறையைவிட்டு வெளியிலேயே வரவில்லை.

ஒரு மதியம், கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் நூடுல்ஸ் கடையில் சுமாலி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் துறையே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் மேஜையில் மூன்று முக்காலிகள் காலி. அதில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு பைபூன் உட்கார்ந்தார். கிண்ணத்தில் மிளகாய்த்தூள் போட்டார், மீன்சாறு ஊற்றினார், சர்க்கரை போட்டார், நிதானமாகக் கலக்கினார்.

"சீரத்த எவ்வளவு கம்மியாப் போட்டா இழை எழும்ப ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் பதில் தெரியாமல் அவர் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் பார்க்கல ஆசான். ரொம்பக் கொஞ்சம் போட்டாலே எழும்புது."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு வகுப்பெடுக்கும் குரலில், பக்கத்து மேஜைக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"நான் நெறையாவே போட்டேன். ஹார்மோன் தட்டுக்கு மட்டும்."

பக்கத்து மேஜையில் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. அப்புறம் அத்தனை தலைகளும் கிண்ணத்துக்குள் கவிழ்ந்தன. வொரவுத்தால் மட்டும் தாங்க முடியவில்லை. முதுகை வளைத்து எழுந்து வந்தார்.

"அந்தக் காலத்துல வந்த சீரமே கலப்படம் ஆசான். யார் செஞ்சிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்."

பைபூன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சீரம் நல்ல சீரம்தாம்ப்பா" என்றார்.